ஆண்ட்ராய்டு அப்டேட்டுக்குப் பிறகு பில் பிரிண்டர் நின்றுவிட்டதா? பேரிங்கில் கை வைக்காதீர்கள்

காரைக்குடி கல்லுக்கட்டியில் ஒரு பலகாரக் கடை, ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் ஒரு ஹோம்ஸ்டே, முகூர்த்த வீட்டு முகப்பில் ஒரு மொய் மேசை. நான்கு இடத்திலும் இன்று பார்க்கக் கிடைப்பது ஏறக்குறைய ஒரே ஏற்பாடுதான். ஒரு ஆண்ட்ராய்டு போன் அல்லது டேப், அதில் ஒரு பில் ஆப், பக்கத்தில் 58 மில்லிமீட்டர் பேப்பர் ரோல் போடும் சின்ன புளூடூத் தெர்மல் பிரிண்டர். வருடக்கணக்கில் தொந்தரவு இல்லாமல் ஓடும். போனில் பெரிய அப்டேட் ஏறிய மறுநாள் காலையில் பில் வராது.

அப்போது தெரியும் அறிகுறியைச் சரியாகக் கவனிக்க வேண்டும். போன் செட்டிங்ஸில் புளூடூத்தைத் திறந்தால் பிரிண்டரின் பெயர் பழையபடி அங்கேயே இருக்கும். பில் ஆப்புக்குள் போய் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்கும் இடத்தைத் திறந்தால் லிஸ்ட் காலியாக இருக்கும், அல்லது தொட்டவுடன் ஆப் மூடிக்கொள்ளும். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் பிரிண்டரிலும் பழுதில்லை, பேரிங்கிலும், அதாவது போனையும் பிரிண்டரையும் புளூடூத்தில் ஜோடி சேர்த்து வைத்ததிலும், பழுதில்லை. ஆப்புக்குக் கொடுத்திருந்த அனுமதி போய்விட்டது, அவ்வளவுதான்.

ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? முதலில் பேரிங்கை அழிப்பார்கள். 0000, 1234 என்று பின் நம்பர் போட்டுத் திரும்பப் பேர் செய்வார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்து மறுபடி ஏற்றுவார்கள். முதல் இரண்டால் நேரம்தான் வீண். மூன்றாவதால் கணக்கே போய்விடும். அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

பேரிங் வேறு, அனுமதி வேறு

பேரிங் என்பது போனுக்கும் பிரிண்டருக்கும் இடையிலான ஒப்பந்தம். அனுமதி என்பது போனுக்கும் ஆப்புக்கும் இடையிலானது. ஆண்ட்ராய்டின் ஒவ்வொரு பெரிய பதிப்பும் இந்த இரண்டாவதைத்தான் இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறது.

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6லிருந்து, அக்கம்பக்கத்துப் புளூடூத் கருவிகளைத் தேட வேண்டுமானால் ஆப்புக்கு லொகேஷன் அனுமதி வேண்டும் என்றானது. எந்தக் கருவி அருகில் இருக்கிறது என்று தெரிந்தால் ஆள் இருக்கும் இடத்தையும் ஊகித்துவிடலாம் என்பதுதான் காரணம். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 துல்லியமான லொகேஷனே வேண்டும் என்றது. பில் போடுகிற ஆப்புக்கு என் இருப்பிடம் எதற்கு என்று கடைக்காரர்கள் கேட்டது நியாயமான கேள்வி. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 அதற்குப் பதிலாக ஒரு தனி அனுமதியைக் கொண்டுவந்தது. போன் ஆங்கிலத்தில் இருந்தால் 'நியர்பை டிவைசஸ்' என்றும், தமிழில் இருந்தால் 'அருகிலுள்ள சாதனங்கள்' என்றும் காட்டும். உள்ளே அது மூன்று பிரிவு: தேடுவதற்கு ஸ்கேன், இணைவதற்கு கனெக்ட், தன்னைத் தெரியப்படுத்துவதற்கு அட்வர்டைஸ். பயனருக்கு மூன்றும் ஒரே சுவிட்சாகத்தான் தெரியும்.

போன் 11லிருந்து 12க்கோ அதற்கு மேலோ ஏறும்போது, பழைய முறையில் எழுதப்பட்ட ஆப்புகளுக்கு இந்தப் புது அனுமதியை ஆண்ட்ராய்டு தானாகவே கொடுத்துவிடும். அதனால் அப்டேட் ஏறிய அன்றே எல்லாப் போனிலும் பிரிண்டர் நிற்பதில்லை. சில நாள் கழித்து, பிளே ஸ்டோர் வழியாகப் பில் ஆப் தன் புதுப் பதிப்புக்கு மாறும்போது நிற்கும். புது முறைக்கு மாறிய ஆப் அந்த அனுமதியைத் திரையில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கூட்ட நேரத்தில் அந்தக் கேள்வி வந்து, கையில் எண்ணெயோடு நிற்கிற பையன் 'டோன்ட் அலோ'வைத் தட்டிவிட்டால் கதை முடிந்தது. ஆண்ட்ராய்டு 11லிருந்து இரண்டு முறை மறுத்துவிட்டால் அந்த ஆப் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவே முடியாது. நாமே செட்டிங்ஸுக்குப் போய்த்தான் திறந்துவிட வேண்டும். "போன வாரம்தானே போன் அப்டேட் ஆனது, நேற்று வரை வந்ததே" என்ற குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது.

எங்கே போய்ப் பார்ப்பது

செட்டிங்ஸ், அதில் ஆப்ஸ், அதில் உங்கள் பில் ஆப், அதில் பெர்மிஷன்ஸ். 'நாட் அலவ்டு' என்ற தலைப்பின் கீழ் நியர்பை டிவைசஸ் இருந்தால் அதைத் தொட்டு 'அலோ' கொடுங்கள். பிறகு ஆப்பை முழுதாக மூடிவிட்டுத் திறங்கள். ரீசன்ட் லிஸ்டிலிருந்து தள்ளிவிடுவது போதாது, அதே ஆப் பக்கத்தில் இருக்கும் 'ஃபோர்ஸ் ஸ்டாப்'பை அழுத்துங்கள். பிரிண்டர் பெயர் லிஸ்டில் வந்துவிட்டால் வேலை முடிந்தது.

அந்தப் பெயரே பெர்மிஷன்ஸ் பக்கத்தில் எங்கும் இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். போன் இன்னும் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்குக் கீழ் இருக்கிறது. அப்படியானால் லொகேஷனைப் பார்க்க வேண்டும். அல்லது ஆப் எழுதியவர் புது முறைக்கு மாறியபோது இந்த அனுமதியையே சேர்க்காமல் விட்டுவிட்டார். இரண்டாவதை உங்களால் சரிசெய்ய முடியாது. ஆப்காரரிடம்தான் போக வேண்டும்.

லொகேஷனில் இன்னும் மூன்று கண்ணிகள் உண்டு. 'ஒன்லி திஸ் டைம்' என்று கொடுத்திருந்தால் ஆப்பை மூடிய கொஞ்ச நேரத்தில் அனுமதி காலாவதியாகிவிடும், மறுநாள் காலையில் மறுபடி கேட்கும். ஆண்ட்ராய்டு 12லிருந்து தோராயமான இடம் மட்டும் கொடுக்கும் வசதி வந்தது. தேடலுக்கு இன்னும் லொகேஷனையே நம்பியிருக்கும் பழைய ஆப் ஒன்றுக்கு அதைக் கொடுத்திருந்தால் தேடல் ஒன்றுமே காட்டாது. 'யூஸ் பிரிசைஸ் லொகேஷன்' சுவிட்சைப் போட்டுவிட வேண்டும். மூன்றாவது, அனுமதி எல்லாம் சரியாக இருந்தும் போனின் மொத்த லொகேஷன் சுவிட்சே அணைந்திருப்பது. பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று மேலிருந்து இழுக்கும் திரையில் அதை அணைத்து வைப்பது எங்கும் உள்ள பழக்கம்.

பிரிண்டரும் தராசும் இரண்டும் புளூடூத்தில் ஓடுகிற பலகாரக் கடைகளில் இதை வைத்தே பழுதைப் பிரித்துவிடலாம். மலிவு விலை பில் பிரிண்டர்கள் பெரும்பாலும் பழைய பாணி புளூடூத்தில், சீரியல் போர்ட் முறையில் பேசுபவை. ஒருமுறை பேர் செய்துவிட்டால் ஆப் அதைத் தேட வேண்டியதில்லை, நேராக இணைந்துவிடும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் 'லோ எனர்ஜி' வகைப் புளூடூத் தராசைப் பெரும்பாலும் செட்டிங்ஸில் பேர் செய்வதே இல்லை. ஒவ்வொரு முறையும் ஆப்பே தேடிப் பிடிக்கும். ஆகவே பில் வருகிறது, ஆனால் தேன்குழலையும் சீப்புச் சீடையையும் தட்டில் வைத்தால் எடை ஆப்பில் ஏறவில்லை என்றால், கை வைக்க வேண்டிய இடம் லொகேஷன். பில், எடை இரண்டுமே வரவில்லை என்றால் நியர்பை டிவைசஸ்.

'கனெக்டட்' என்று காட்டவில்லையே?

காட்டாது, காட்டவும் வேண்டாம். ஹெட்செட்டைப் போல இந்தப் பிரிண்டர் எப்போதும் இணைந்தே இருப்பதில்லை. செட்டிங்ஸில் 'பேர்டு' அல்லது 'சேவ்டு' என்று மட்டும் இருப்பதுதான் இதன் இயல்பு நிலை. ஆப் இணைப்பைத் திறக்கிற நேரத்தில் மட்டும் 'கனெக்டட்' என்று மாறும். செட்டிங்ஸில் பிரிண்டர் பெயரைத் தட்டித் தட்டிப் பார்த்து "கனெக்ட் ஆகி உடனே போயிடுது" என்று சொல்வது பழுதின் அடையாளமே இல்லை. நல்ல பிரிண்டரும் அப்படித்தான் செய்யும்.

ஆப் ஏதாவது எர்ரர் காட்டினால் அதைப் படியுங்கள், போட்டோ எடுத்து வையுங்கள். 'செக்யூரிட்டி எக்செப்ஷன்' என்றோ 'நீட் புளூடூத் கனெக்ட் பெர்மிஷன்' என்றோ இருந்தால் அனுமதிதான் பிரச்சினை. 'ரீட் ஃபெயில்டு, சாக்கெட் மைட் குளோஸ்டு ஆர் டைம்அவுட்' என்று ஆரம்பித்து -1 என்று முடிந்தால் அனுமதி சரியாக இருக்கிறது, பிரிண்டர் பதில் சொல்லவில்லை என்று பொருள். பிரிண்டர் அணைந்திருக்கும், சார்ஜ் தீர்ந்திருக்கும், அல்லது வேறொரு போன் அதைப் பிடித்து வைத்திருக்கும். இந்த வகைப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை ஒரு நேரத்தில் ஒரு போனோடுதான் பேசும். முதலாளி போனிலும் கல்லாப் போனிலும் ஒரே ஆப் திறந்திருந்தால் முதலில் பிடித்தவருக்குத்தான் பில்.

பிரிண்டரைத் தனியாகச் சோதிப்பது சுலபம். அதை அணைத்துவிட்டு, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே ஆன் செய்யுங்கள். சோதனைத் தாள் வெளியே வரும். பல மாடல்களில் புளூடூத் பெயரும் பின் நம்பரும் அதிலேயே அச்சாகியிருக்கும். தாள் வந்துவிட்டால் பிரிண்டரின் அச்சுத் தலையும் ரோலும் நன்றாக இருக்கின்றன. அந்தத் தாளைக் கிழித்துப் பில் புத்தகத்துக்குள் செருகி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

செட்டிநாட்டு வீடுகளில் இன்னொன்றையும் ஒதுக்கிவிட்டுப் பார்க்க வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய தடித்த சுவர்கள், நீள நீளமான கட்டுகள். முகப்பில் இருக்கும் போனிலிருந்து இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படியில் இருக்கும் ஆர்டர் பிரிண்டருக்குப் புளூடூத் எட்டுவது அப்டேட்டுக்கு முன்பே தள்ளாட்டம்தான். இவ்வகைக் கருவிகளின் வீச்சே திறந்த வெளியில் சுமார் 10 மீட்டர். அனுமதியைச் சோதிக்கும்போது பிரிண்டரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துச் சோதியுங்கள். அடுப்படிக்கு லேன் கேபிள் அல்லது வைஃபை பிரிண்டர் போடுவதே என் பரிந்துரை. அது 9100 என்ற போர்ட்டில் ஐபி முகவரி வழியாகப் பேசும், இன்றைய நிலையில் பெரும்பாலான போன்களில் புளூடூத் அனுமதி எதுவும் அதற்குத் தேவைப்படாது.

வைஃபை பக்கம் வேறொரு சிக்கல் உண்டு. ஆண்ட்ராய்டு 10லிருந்து, புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொரு வைஃபைக்கும் போன் தன் உண்மையான மேக் முகவரியை (கருவியை அடையாளம் காட்டும் எண்) காட்டாமல் வேறொன்றை உருவாக்கிக் காட்டும். ரூட்டரில் குறிப்பிட்ட மேக் முகவரிகளை மட்டும் அனுமதித்திருக்கும் ஹோம்ஸ்டேக்களில், அப்டேட்டுக்குப் பிறகு யாராவது வைஃபையை 'ஃபர்கெட்' செய்து மறுபடி சேர்த்தால் போன் உள்ளேயே நுழையாது. அந்த வைஃபையின் விவரப் பக்கத்தில் பிரைவசி என்ற இடத்தில் 'யூஸ் டிவைஸ் மேக்' என்று மாற்றினால் போதும்.

மொய் ஆப்புக்கு மட்டும் வரும் தொல்லை

ஆண்ட்ராய்டு 11இல் வந்த இன்னொரு மாற்றம், சில மாதங்கள் திறக்காமல் வைத்திருக்கும் ஆப்பின் அனுமதிகளைப் போனே பறித்துக்கொள்வது. 2021 டிசம்பரிலிருந்து பழைய போன்களுக்கும் கூகுள் பிளே சர்வீசஸ் வழியாக இதைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். தினமும் பில் போடும் கடைக்கு இதனால் பாதிப்பே இல்லை. மொய் ஆப்புக்கு இது நேரடி அடி. வைகாசி முகூர்த்தத்தில் எடுத்த டேப்பை அடுத்த தையில்தான் மறுபடி திறப்பார்கள். காலை 7 மணிக்கு மொய் மேசை போட்டாயிற்று, ஆட்கள் கவரோடு வரிசையில் நிற்கிறார்கள், பெயரும் ஊரும் தொகையும் ஏறுகிறது, ரசீது மட்டும் வரவில்லை. நன்றாக எழுதிய ஆப் என்றால் அனுமதியை அந்த இடத்திலேயே மறுபடி கேட்கும். முதல் முறை திறக்கும்போது மட்டும் கேட்கும்படி எழுதிய ஆப்புகள் பேசாமல் இருந்துவிடும்.

இதற்கு மருந்து அதே ஆப் பக்கத்தில், பெர்மிஷன்ஸ் பட்டியலுக்கு அடியிலோ ஆப் தகவல் பக்கத்தின் கீழ்ப்பகுதியிலோ இருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு பெயர் மாறும். 12இல் 'ரிமூவ் பெர்மிஷன்ஸ் அண்ட் ஃப்ரீ அப் ஸ்பேஸ்', 13இல் 'பாஸ் ஆப் ஆக்டிவிட்டி இஃப் அன்யூஸ்டு'. அந்தச் சுவிட்சை அணைத்து வையுங்கள். விசேஷத்துக்கு முந்தின நாள் ஒரு சோதனை ரசீது எடுப்பதை மேசை நாற்காலி ஏற்பாட்டோடு சேர்த்துவிடுங்கள். அன்று இரவு 'இன்ஸ்டால் டுநைட்' என்று போன் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'ஆட்டோமேட்டிக் சிஸ்டம் அப்டேட்ஸ்' அணைத்து வைக்கலாம். பிளே ஸ்டோரில் அந்த ஆப்பின் பக்கத்தில் மூன்று புள்ளியைத் தொட்டு 'எனேபிள் ஆட்டோ அப்டேட்' டிக்கை எடுத்துவிடலாம். விசேஷம் முடிந்ததும் இரண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள். பாதுகாப்பு அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்தி வைப்பது, அதுவும் யுபிஐ இருக்கும் போனில், கூடாத காரியம்.

இனி அன்இன்ஸ்டால் விஷயம். இணையம் இல்லாமல் ஓடும் பில் ஆப்புகளும் மொய் ஆப்புகளும் கணக்கைப் போனுக்குள், ஆப்பின் சொந்த இடத்தில்தான் வைத்திருக்கும். ஆப்பை அழித்தால் அதுவும் சேர்ந்து அழியும். 'கிளியர் டேட்டா'வும் அதே வேலையைத்தான் செய்யும். 'கிளியர் கேச்' மட்டும் பயமில்லாமல் செய்யலாம். கடையில் போவது பில் நம்பர் வரிசை, பாக்கிக் கணக்கு. மொய் வீட்டில் போவது யார் எவ்வளவு செய்தார்கள் என்ற கணக்கு, திருப்பிச் செய்ய வேண்டிய கடன். அதை ஞாபகத்திலிருந்து மறுபடி எழுத முடியாது. அன்இன்ஸ்டால் செய்தே ஆக வேண்டும் என்றால், முதலில் பேக்கப் எடுத்து, அந்த ஃபைலை வேறொரு போனுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அங்கே ஃபைல் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

பிளே ஸ்டோரில் இல்லாமல் ஏபிகே ஃபைலாக வாங்கிய பழைய ஆப் என்றால் இன்னும் ஜாக்கிரதை. மிகப் பழைய ஆண்ட்ராய்டுக்கு எழுதிய ஆப்புகளைப் புதிதாக ஏற்றுவதை ஆண்ட்ராய்டு 14 தடுத்துவிட்டது. எல்லை ஆண்ட்ராய்டு 6. 15 அந்த எல்லையை 7க்கு உயர்த்தியது. அப்டேட்டுக்கு முன்பே போனில் இருந்த ஆப் தொடர்ந்து ஓடும். அழித்துவிட்டால் அதே ஃபைலைத் திரும்ப ஏற்ற விடாது.

இன்னும் சில

முன்பெல்லாம் ஆப்பைத் திறந்தால் புளூடூத் தானாக ஆன் ஆகும், இப்போது ஆவதில்லை என்ற புகார் சரிதான், ஆனால் பழுதில்லை. ஆண்ட்ராய்டு 13க்கு எழுதிய ஆப்புகள் கேட்காமல் புளூடூத்தை ஆன் செய்ய முடியாது. அதே 13இல் நோட்டிஃபிகேஷனும் கேட்டு வாங்க வேண்டிய அனுமதியானது. ஆன்லைன் ஆர்டர் வந்தவுடன் தானாக அடிக்கும் ஏற்பாடு வைத்திருப்பவர்கள் அதையும் பார்க்க வேண்டும். யுபிஐ சவுண்ட்பாக்ஸுக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. பெரும்பாலானவை தனி சிம்மில் ஓடுபவை.

ஐபோனில் புளூடூத் அனுமதி 2019இல் ஐஓஎஸ் 13லும், லோக்கல் நெட்வொர்க் அனுமதி மறுவருடம் 14லும் வந்தது. செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி என்ற இடத்தில் இரண்டும் இருக்கும். வைஃபை பிரிண்டர் நின்றால் பார்க்க வேண்டியது இரண்டாவது. விண்டோஸ் கணினியில் புளூடூத் பிரிண்டரை நீக்கிவிட்டுச் சேர்த்தால் காம் போர்ட் எண், அதாவது கணினி பிரிண்டரோடு பேசும் வாசலின் எண், மாறிவிடக்கூடும். மோர் புளூடூத் செட்டிங்ஸில் காம் போர்ட்ஸ் பக்கத்தைத் திறந்து, 'அவுட்கோயிங்' என்று இருக்கும் எண்ணை எடுத்துப் பில்லிங் மென்பொருளில் போடுங்கள்.

ஆப் எழுதுகிற நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. கனெக்ட் அனுமதியை மட்டும் வாங்கிவிட்டு, இணைவதற்கு முன் பழக்க தோஷத்தில் 'கேன்சல் டிஸ்கவரி'யை அழைத்தால் ஆப் விழுந்துவிடும். அந்த அழைப்புக்கு ஸ்கேன் அனுமதி வேண்டும். பழைய புளூடூத் அனுமதிகளுக்கு மேனிஃபெஸ்டில் மேக்ஸ் எஸ்டிகே 30 என்று வரம்பு போடுங்கள். இருப்பிடம் தேவையில்லாத ஆப் என்றால் ஸ்கேனுக்கு 'நெவர் ஃபார் லொகேஷன்' என்ற குறியைச் சேர்த்துவிட்டு, 12லும் அதற்கு மேலும் உள்ள போன்களில் லொகேஷனைக் கேட்காதீர்கள். அனுமதி இருக்கிறதா என்பதை ஒவ்வொரு பிரிண்டுக்கு முன்பும் சோதியுங்கள். இல்லையென்றால் காலி லிஸ்டைக் காட்டாமல், காரணத்தைத் தமிழில் ஒரு வரி எழுதி, செட்டிங்ஸின் அதே பக்கத்துக்குக் கொண்டுபோகும் பட்டனைக் கீழே வையுங்கள். 14க்கு எழுதினால் பிரிண்டரோடு பேசும் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸுக்கு 'கனெக்டட் டிவைஸ்' வகையைக் குறிப்பிட்டாக வேண்டும்.

கடைக்காரர் ஆப்காரரைக் கூப்பிடும்போது "பிரிண்டர் வரலை" என்று மட்டும் சொன்னால் அவரும் பேரிங்கிலிருந்துதான் ஆரம்பிப்பார். போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு எண், ஆப் பதிப்பு எண், பெர்மிஷன்ஸ் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், எர்ரரின் போட்டோ, முன்பு எடுத்து வைத்த சோதனைத் தாள் எல்லாவற்றையும் ஒரே மெசேஜில் அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள்.